டாசனிலிருந்து இனுவிக்: பறப்பதா, ஓட்டுவதா?

கனடாவின் வடமேற்கு மூலையை வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு ஊர்கள் கண்ணில் படும். ஒன்று, யூகான் பகுதியில் தங்க வேட்டையால் பிறந்த டாசன் சிட்டி. மற்றொன்று, வடமேற்கு ஆட்சிப்பகுதியில் மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய இனுவிக். முதல் ஊரில் சுமார் 1,600 பேர் வசிக்கிறார்கள், இரண்டாவதில் 3,100 பேர். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணினியிடம் கேட்டால் நொடியில் விடை வந்துவிடும்: நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த விடையை வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஒருவரும் நினைத்த நேரத்தில் போய்ச் சேரவில்லை.

நான் வைட்ஹார்ஸில் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கோடை நெருங்கும்போதெல்லாம் டொரோண்டோவிலிருந்தும் மொன்றியாலிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் அழைத்து இதையே கேட்கிறார்கள். இனுவிக் போக வேண்டும், பறப்பதா, ஓட்டுவதா? இரண்டு வழியிலும் போய் வந்தவன் என்பதால் நான் பதிலுக்கு ஒன்றைக் கேட்கிறேன்: எந்தத் தேதியில்?

காரணம் இரண்டு ஆறுகள். டாசனிலிருந்து வடக்கே செல்லும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை வழியில் பீல் ஆற்றையும் மெக்கன்சி ஆற்றையும் கடக்கிறது. இரண்டிலும் பாலம் கிடையாது. கோடையில் ஃபெர்ரி வண்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கிறது. குளிர்காலத்தில் ஆறு கெட்டியாக உறைந்ததும் பனிக்கட்டியின் மீதே சாலை போடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், ஆறு உறையத் தொடங்கும் நவம்பர் வாக்கிலும், உடைந்து ஓடும் மே மாதத்திலும், சில வாரங்களுக்கு எதுவும் இல்லை. படகும் போகாது, பனிக்கட்டியும் தாங்காது. அந்த வாரங்களில் இனுவிக் மக்களுக்கே பாலும் காய்கறியும் விமானத்தில்தான் வருகின்றன. உங்கள் தேதி அதற்குள் விழுந்தால் ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை, டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

தேதி கோடையில் விழுந்தால்தான் உண்மையான கேள்வி தொடங்குகிறது.

முதலில் சாலையைச் சொல்கிறேன். டாசனிலிருந்து தென்கிழக்கே 40 கிலோமீட்டர் வந்தால் டெம்ப்ஸ்டர் பிரியும் சந்திப்பு. அங்கிருந்து இனுவிக் வரை 736 கிலோமீட்டர். ஆக மொத்தம் 776. வானத்தின் 540 தரைக்கு வரும்போது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது. சந்திப்பைத் தாண்டியதும் தார் முடிந்துவிடும். பிறகு இனுவிக் விமான நிலையத்தை நெருங்கும் வரை சரளைதான். 1959-இல் எண்ணெய் தேடும் நோக்கத்தில் தொடங்கிய வேலை இது. இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனது, 1968-இல் அலாஸ்காவின் புரூடோ பேயில் எண்ணெய் கிடைத்த பிறகு மீண்டும் உயிர் பெற்றது, 1979 ஆகஸ்ட் 18 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. சாலைக்குக் கீழே இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். அதன் மீது நேரடியாகச் சாலை போட்டால் சூட்டில் மண் இளகி, சாலை உள்வாங்கிவிடும். அதனால் சரளையைக் குவித்து மெத்தைபோல் பரப்பி, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்த்தி, அதன் மேல் வண்டி ஓட விட்டிருக்கிறார்கள். ஓட்டும்போது ஒரு நீண்ட கரையின் உச்சியில் போவதுபோலவே இருக்கும். இரு பக்கமும் சரிவு. தூங்கி வழிந்தால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

இந்தச் சரளையைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்லும்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் தம்பியும் கிளம்பினோம். டோம்ப்ஸ்டோன் பூங்காவின் மலைச்சரிவுகள் முழுவதும் குட்டை பிர்ச் செடிகள் சிவந்து, தீ பற்றியதுபோல் நின்ற நேரம். 259-ஆவது கிலோமீட்டரில் ஓகில்வி ஆற்றுப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வரும்போது பின் சக்கரத்திலிருந்து சீறும் ஒலி. குனிந்து பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகமளவு கறுப்புக் கல் செருகியிருந்தது, அம்பு முனைபோல. விரலால் தொட்டதும் ஓரம் கீறியது. படிவுப் பாறையை உடைத்துப் போட்ட கல் அப்படித்தான் சில்லுச் சில்லாகக் கூராகப் பிளக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அண்ணா, இன்னொரு ஸ்டெப்னி இருக்கிறதல்லவா?" என்றான் தம்பி, ஜாக்கியை எடுத்துக்கொண்டே.

"இரண்டு இருக்கிறது."

"அப்படியென்றால் பயமில்லை."

நாங்கள் சக்கரத்தை மாற்றி முடிப்பதற்குள் மூன்று வண்டிகள் அந்தப் பக்கம் வந்தன. மூன்றும் நின்றன. மூன்று ஓட்டுநர்களும் இறங்கி வந்து உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். கைபேசிக்குத் தொடர்பே இல்லாத பல நூறு கிலோமீட்டரில் இது மரியாதை சார்ந்த விஷயம் மட்டும் அல்ல, உயிர் சார்ந்தது. நீங்கள் ஓட்டிப் போனாலும் அப்படியே நின்று கேளுங்கள். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு வேண்டும், அதுவும் முழு அளவு டயராக இருக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கு எளிது, ஆனால் தவறினால் மன்னிப்பு இல்லை. டாசனில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த நம்பகமான பம்ப் 369-ஆவது கிலோமீட்டரில் ஈகிள் பிளெயின்ஸில் இருக்கிறது. டாசனிலிருந்து அதுவரை 409 கிலோமீட்டர். அதற்கடுத்தது ஃபோர்ட் மெக்ஃபர்சன், பிறகு இனுவிக். 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் வண்டியென்றால் ஒரு வழிக்கு 93 லிட்டர் ஆகும்.

ஈகிள் பிளெயின்ஸ் ஊர் இல்லை. ஒரு விடுதி, ஒரு பம்ப், ஒரு டயர் பட்டறை, அவ்வளவுதான். ஆனால் அந்த விடுதியின் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படங்களுக்காகவே அங்கே ஓர் இரவு தங்கலாம். இந்தச் சாலைக்கு ஏன் டெம்ப்ஸ்டர் என்று பெயர் என்பது அந்தப் படங்களில் இருக்கிறது. 1910 டிசம்பர் 21 அன்று ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து காவல் அதிகாரி ஃபிட்ஸ்ஜெரால்டு மூன்று பேருடன் நாய்வண்டிகளில் டாசனுக்குக் கிளம்பினார். தூரம் சுமார் 765 கிலோமீட்டர், இன்றைய சாலைப் பயணத்தின் அளவேதான். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்து ஏற்றினார். வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி வழிகாட்டியைப் பாதியில் அனுப்பிவிட்டார். கடக்க வேண்டிய ஓடையின் முகத்துவாரத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நாட்கணக்கில் அலைந்து, திரும்ப முடிவெடுத்தபோது உணவு தீர்ந்துகொண்டிருந்தது. நாய்களையே உண்டார்கள். நால்வரும் மெக்ஃபர்சனைப் போய்ச் சேரும் முன்பே இறந்துபோனார்கள். பிப்ரவரி 28 அன்று டாசனிலிருந்து தேடப் புறப்பட்ட டெம்ப்ஸ்டர் என்ற காவலர், மார்ச் மாதத்தில் அவர்களுடைய உடல்களைக் கண்டெடுத்தார். டெம்ப்ஸ்டருடன் குவிச்சின் வழிகாட்டி ஒருவர் இருந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "776 கிலோமீட்டர்தானே, காலையில் கிளம்பினால் இரவுக்குள் போய்விடலாம்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரே நாளில் போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள். இடைவிடாமல் ஓட்டி, இரண்டு ஃபெர்ரியும் உடனுக்குடன் கிடைத்தால் 12 முதல் 14 மணி நேரம். மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் போய்விடும். தூசி அடங்குவதற்காகச் சாலையில் கால்சியம் குளோரைடு தெளிக்கிறார்கள். அது மழையில் வழவழவென்று சேறாகிறது. எங்கள் வண்டியின் நம்பர் பிளேட்டே தெரியாதபடி மூடிவிட்டது. இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஓர் இரவு ஈகிள் பிளெயின்ஸில்.

405-ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்தின் பலகை. 465-இல் வடமேற்கு ஆட்சிப்பகுதியின் எல்லை. அங்கிருந்து கிலோமீட்டர் கற்கள் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. முதல் முறை போகிறவர்கள் இதைப் பார்த்துக் குழம்பிப் போகிறார்கள், எரிபொருள் கணக்கைத் தவறவிடுகிறார்கள். எல்லைக்கு முன்னால் ரிச்சர்ட்சன் மலைகளின் அடிவாரத்தில் காற்று வெறிபிடித்து வீசும். குளிர்காலத்தில் அந்தக் காற்று பனித்தூளை வாரி இறைத்து, சாலையையே நாட்கணக்கில் மூடவைப்பது உண்டு. போர்க்குபைன் மந்தை என்று பெயர் பெற்ற காரிபு மான் கூட்டம் கடப்பதும் இந்தப் பக்கம்தான். 2017-இல் எண்ணியபோது அந்த மந்தையில் 2,18,000 மான்கள் இருந்தன.

ஃபெர்ரிக்குக் கட்டணம் இல்லை. பீல் ஆற்றில் ஐந்தாறு நிமிடம்தான். மெக்கன்சியில் காட்சி வேறு. அங்கே படகு இரு கரைக்கு நடுவில் மட்டும் போவதில்லை. ஆர்க்டிக் ரெட் ஆறு கலக்கும் இடத்தில் மேட்டின் மேல் இருக்கும் ட்சிகேட்சிக் என்ற சிற்றூரையும் தொட்டு முக்கோணமாகச் சுற்றுகிறது. அந்த ஊருக்குப் போகிறவர் யாராவது முன்னால் ஏறியிருந்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். நாங்கள் முக்கால் மணி நேரம் கரையில் நின்றோம். கலங்கிய ஆற்றில் வேரோடு சாய்ந்த மரங்கள் மிதந்து வந்துகொண்டே இருந்தன. பீல் ஆற்றில் வெள்ளமும் கட்டைகளும் அதிகமானால் ஃபெர்ரியை நிறுத்திவிடுவார்கள். அதற்கும் சேர்த்து ஒரு நாளைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இனி விமானம். 540 கிலோமீட்டரை நேராகப் பறந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று கணினி சொன்னது பொய்யல்ல. இந்தத் தடத்தில் ஓடும் ஏ.டி.ஆர். 42 வகை விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஆனால் வழக்கமான பாதை டாசனிலிருந்து வடக்கே ஓல்டு குரோ என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பி இனுவிக் சேர்கிறது. முதல் பகுதி 390 கிலோமீட்டர், இரண்டாவது 270. மொத்தம் 660. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி, நடுவில் தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மணிக்கு மேல். சாலையின் 14 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அதுவும் குறைவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இது தினமும் ஓடும் விமானம் அல்ல, வாரத்தில் சில நாட்கள்தான். பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும். செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டியவருக்கு வியாழக்கிழமைதான் விமானம் என்றால், இரண்டு மணி நேரப் பயணம் இரண்டு நாள் பயணமாகிவிடுகிறது. அதற்குள் சாலையில் போனவர் இனுவிக்கில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யூகான் பகுதி 2020-இலிருந்து கோடை, குளிர்கால நேர மாற்றத்தைக் கைவிட்டுவிட்டது. வடமேற்கு ஆட்சிப்பகுதியில் அது தொடர்கிறது. அதனால் கோடையில் இனுவிக் கடிகாரம் டாசனை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடும். குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று. கோடையில் டிக்கெட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்தால், வடக்கே போகும் பயணம் உள்ளதை விட ஒரு மணி நேரம் நீண்டதாகவும், திரும்பும் பயணம் ஒரு மணி நேரம் குறைந்ததாகவும் தெரியும். ஓட்டிப் போகிறவர்களுக்கும் இது முக்கியம். ஃபெர்ரியின் கடைசிப் படகு இனுவிக் நேரப்படி புறப்படும், உங்கள் கையிலிருக்கும் யூகான் நேரப்படி அல்ல.

நான் பறந்து போனது ஒரு மே மாதத்தில், வேலை நிமித்தமாக. ஆறுகள் உடைந்துகொண்டிருந்த வாரம். ஓல்டு குரோவுக்குச் சாலையே கிடையாது, 240 பேருக்கும் குறைவான அந்த ஊருக்கு எல்லாமே விமானம்தான். ஓடுதளம் ஊரின் விளிம்பிலேயே இருக்கிறது. இறங்கியதும் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளிலும் பிக்கப்களிலும் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். முட்டைப் பெட்டிகள், குழந்தைகளுக்கான டயப்பர் கட்டுகள், உறையில் சுற்றிய ஒரு கண்ணாடிக் கதவு எல்லாம் இறங்கின. ஒரு மூதாட்டி படியேறி வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இனுவிக் மருத்துவமனையில் பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். இந்த விமான நிறுவனமான ஏர் நார்த்தில் ஓல்டு குரோவின் வுண்டுட் குவிச்சின் மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பொருள் என்ன என்று அந்த இருபத்தைந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. நமக்கு அது சுற்றுலா விமானம், அவர்களுக்கு அதுதான் ஊர்ப் பஸ்.

அங்கிருந்து கிளம்பியதும் கழிமுகம் விரிந்தது. ஆயிரக்கணக்கான குளங்கள், அவற்றுக்கு நடுவே பின்னிப் பிணைந்த கால்வாய்கள், அவற்றில் சாம்பல் நிறப் பனிக்கட்டிப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டிருந்தன. அக்லவிக் என்ற பழைய ஊர் கீழே வந்துபோனது. வெள்ளத்தில் அடிக்கடி மூழ்கியதால் அதற்கு மாற்றாக 1950-களில் மேட்டுநிலத்தில் கட்டப்பட்டதுதான் இனுவிக். இந்தக் காட்சியைச் சாலையில் போகிறவர் பார்க்கவே முடியாது. சாலையில் போனால் மலை கிடைக்கும், விமானத்தில் போனால் ஆறு கிடைக்கும் என்று நான் சொல்வது இதனால்தான்.

செலவைப் பொறுத்தவரை, தனி ஆளாகப் போனால் விமானமே பெரும்பாலும் சிக்கனம். எரிபொருள், இரண்டு இரவு விடுதி, ஒரு டயர் போனால் அதன் விலை என்று கூட்டிப் பார்த்தால் சாலை மலிவாக வராது. நான்கு பேர் ஒரே வண்டியில் போனால் கணக்கு தலைகீழாகும். வண்டி சொந்தமாக இல்லாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகைக்குக் கார் தரும் பல நிறுவனங்கள் டெம்ப்ஸ்டரில் ஓட்டக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

வண்டியோடு போனவர்களுக்கு ஒரு கூடுதல் பலன் உண்டு. 2017 நவம்பர் 15 அன்று இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் வரை ஆண்டு முழுவதும் செல்லும் சாலை திறக்கப்பட்டது. 138 கிலோமீட்டர் மேலே ஓட்டினால் ஆர்க்டிக் கடலில் காலை நனைக்கலாம். அந்த இரண்டு ஊர்களுக்கும் நேர்கோட்டுத் தூரம் 125 கிலோமீட்டர், சிறிய விமானத்தில் அரை மணி நேரம். தட்டையான நிலம் என்பதால் அங்கே சாலையும் வானமும் ஏறக்குறைய ஒரே கணக்கு, ஆகவே அந்தப் பகுதியில் ஓட்டுவதே மேல் என்பேன். விமானத்தில் இனுவிக் வந்தவர்கள் கடலைப் பார்க்க மீண்டும் ஒரு வண்டியையோ சுற்றுலா ஏற்பாட்டையோ தேட வேண்டியிருக்கும்.

குளிர்காலச் சாலையைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. டிசம்பர் தொடக்கம் முதல் ஜனவரி முதல் வாரம் வரை இனுவிக்கில் சூரியனே எழுவதில்லை. உறைந்த ஆற்றின் மீது ஓட்டுவது அழகான அனுபவம் என்று என் அண்டை வீட்டு லாரி ஓட்டுநர் சொல்வார், அவர் இருபது ஆண்டுகளாக அதைச் செய்கிறவர். தெற்கிலிருந்து முதல் முறை வருகிறவர் அந்தப் பருவத்தில் பறப்பதே சரி.

என் அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் விமானம்தான், யோசிக்கவே மாட்டேன். 736 கிலோமீட்டரில் மருத்துவ உதவி கிடைக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. விடுமுறை ஐந்து நாளுக்குக் குறைவாக இருந்தாலும் விமானம். உடம்பில் தெம்பும், கையில் ஒரு வாரமும், தேதி ஜூன் பாதிக்கும் செப்டம்பர் முதல் பாதிக்கும் இடையிலும் இருந்தால் ஓட்டிப் போங்கள். அதிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கொசு அடங்கியிருக்கும், செடிகள் சிவக்கத் தொடங்கியிருக்கும், இரவில் இருள் திரும்பியிருப்பதால் வானத்தில் வடதுருவ ஒளியும் தெரியலாம்.

எதை முடிவு செய்தாலும் கிளம்பும் நாள் காலையில் சாலை நிலவரத்தையும் இரண்டு ஃபெர்ரிகளின் நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆட்சிப்பகுதிகளும் தனித்தனியாக வெளியிடுகின்றன, ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள் பீல் ஆற்றங்கரையில் வண்டிக்குள் தூங்கியிருக்கிறார்கள். நாங்கள் கிளம்பிய அன்று காலை டாசனில் டேங்கை நிரப்பும்போது பம்ப்காரர் இரண்டையும் பார்த்துச் சொன்னார், பிறகு எங்கள் பின் கதவைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னிகளில் காற்று இருக்கிறதா என்று தானே அழுத்திப் பார்த்தார்.